இங்கிலாந்து வெல்லாதோ?

1

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பிள்ளைகளுக்கு,

உங்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு வாழ்த்துச் செய்தி கேட்டிருந்தீர்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணித் தலைவன் கீர்த்தி, என் தங்கையின் மகன், குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மாமா, எழுத்து அரைப் பக்கம் போதும். படத்தைப் பெரிசாப் போடுறம். கோட் போட்ட படமா அனுப்புங்கோ." வெளிநாட்டில் இருப்பவன் என்ன எழுதுவான் என்பது உங்களுக்கு மனப்பாடம் என்பதும், அவனுடைய கோட்டைப் பார்க்கத்தான் ஆட்கள் மலரை விரிக்கிறார்கள் என்பதும் எனக்கும் விளங்குகிறது. நான் கோபிக்கவில்லை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் பதிவு வந்தது. இந்த முறை கீர்த்தியின் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் மூச்சுவிடும் சத்தமும் கேட்டது.

"மாமா, தனு அண்ணை லண்டனில பந்து மட்ச் எப்பிடி முடியுமெண்டு முதலே சொல்லிக் காசு உழைக்கிறாராம். உண்மையோ? எங்களுக்கும் பழக்கிவிடச் சொல்லுங்கோ. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."

அந்த இரண்டாவது பதிவால்தான் என் அரைப் பக்கம் இவ்வளவு நீண்டுவிட்டது. நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். அதிலும் கணக்குப் பாடம் என்னை விட்டதா, நான் கணக்கை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகவே பெரிய விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன்.

2

முதலில் என் உத்தியோகம். ஊரில் என் தங்கை, "அண்ணை கவுன்சிலில ஒபிசர்" என்று சொல்லித் திரிகிறாள். பொய் இல்லை. தொப்பி இருக்கிறது, சீருடை இருக்கிறது, கழுத்தில் ஒரு கமெரா தொங்குகிறது. லண்டனின் வால்தம்ஸ்டோவில் தெருத் தெருவாக நடந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வாகனங்களுக்குத் தண்டத் துண்டு ஒட்டுவதுதான் அந்த ஒபிசரின் வேலை. இந்த நகரத்தில் எல்லாச் சாதி, மத, நிறத்தவரும் ஒன்றாகச் சேர்ந்து வெறுக்கிற ஒரு மனிதன் உண்டென்றால் அது நான்தான். சமூக ஒற்றுமைக்காக வேறு யார் இவ்வளவு செய்கிறார்கள்?

எதிர்வுகூறல் என்ற கலையை நான் இந்த வேலையில்தான் கற்றேன். ஒருவர் காரை விட்டு இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தால், அவர் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. "ரெண்டே நிமிஷம்" என்றால் தலைமுடி வெட்டப் போகிறார். "அண்ணை, நீங்கள் தமிழோ?" என்றால், கார் நிற்பது மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில். இதுவரை நான் பிழைவிட்டதில்லை. இதற்கு யாரும் எனக்குப் பரிசு தருவதில்லை. தூஷணம் மட்டும் தருகிறார்கள், அதுவும் பல மொழிகளில்.

என் மகன் தனுஷனுக்கு இது தெரியாது. அவன் கணினியை வைத்து எதிர்வு கூறுகிறவன்.

3

தனு இங்கேதான் பிறந்தான். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்தான். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அந்தக் கடிதத்தை அவன் அம்மா வசந்தா சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். வேலையைத் தொடங்க வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் புட்டைக் கிளறிக்கொண்டே தனு சொன்னான்:

"ஐ டோன்ட் திங்க் நான் அந்த வேலைக்குப் போறன்."

வசந்தாவின் கரண்டி கறிச் சட்டிக்குள்ளேயே நின்றது.

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"டிரேடிங். ஃபுட்போல் மட்ச். நாடுகள் விளையாடுற மட்ச் மட்டும். கொஞ்ச நாளா நல்லா வெல்லுறன்."

"பந்தயமோ?" என்றேன்.

"அப்பா, இட்ஸ் நொட் பெட்டிங். இது மார்க்கெட். ஒரு கேள்வி இருக்கும். இங்கிலாந்து வெல்லுமா? யெஸ் எண்டு ஒரு பங்கு, நோ எண்டு ஒரு பங்கு. ஆக்கள் வாங்க வாங்க விலை ஏறும், இறங்கும். விலை பிழை எண்டு என்ர மொடல் சொன்னா நான் வாங்குவன்."

"காசு கட்டுறாய்."

"பொசிஷன் எடுக்கிறன்."

"தோத்தால் காசு போயிடும்."

"பொசிஷன் குளோஸ் ஆகும்."

வசந்தா சட்டியிலிருந்து கரண்டியை எடுத்தாள். "என்ர மாமா ஒராளும் ஊரில கடதாசி விளையாடுற கூட்டத்தில இருந்து உப்பிடித்தான் பொசிஷன் எடுத்தவர். கடைசியா றோட்டிலதான் பொசிஷன்."

பிள்ளைகளே, இதைத் தமிழில் எதிர்வுகூறல் சந்தை என்று சொல்லலாம். எதிர்வுகூறல் என்ற சொல்லை நான் சிறுவயதில் வானொலியின் வானிலை அறிக்கையில் மட்டுமே கேட்டிருக்கிறேன். "இடையிடையே மழை பெய்யக்கூடும்" என்பார்கள். பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, பிழை சொல்ல முடியாது. சந்தை என்ற சொல்லும் எனக்குத் தெரிந்ததுதான். அங்கே கத்தரிக்காயை எடுத்து அமத்திப் பார்த்து வாங்கலாம். இந்தச் சந்தையில் கத்தரிக்காய் இல்லை. அமத்துவதற்குப் பொத்தான் மட்டும் இருக்கிறது.

ஊரில் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. எங்கள் கழகம் பக்கத்துக் கிராமத்தோடு மோதும்போது எல்லையோரம் நின்றவர்கள் "தோத்தா ஒரு சோடா" என்று மெல்லமாகச் சொல்வார்கள். அது பந்தயம் இல்லை, சோடா. ஆனால் எங்கள் செயலாளர் நடேசு அண்ணை மட்டும் ஒரு சோடாவுக்கும் சம்மதித்ததில்லை. உங்கள் கழக அறையில் மாலை போட்ட படத்தில் இருப்பவர் அவர்தான். "அண்ணை, இண்டைக்கு வெல்லுவமோ?" என்று கேட்டால் "பாப்பம்" என்பார். இடைவேளைக்கு முன்பே ஆறு கோல் வாங்கிக்கொண்டு, நாங்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்திலும் ஒருவன் கேட்டான். அதற்கும் "பாப்பம்" என்றார். அவருக்குப் பந்தைப் பற்றி எதுவுமே தெரியாது என்று அப்போது நாங்கள் சிரித்தோம்.

4

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு ஒரு நேர்காணல் வைத்தார்கள். எனக்காக மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர், வந்தவுடன் மிட்டாய் தந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, அவர் தமிழில் திருப்பினார்: "அதுக்கப்புறம் நீங்க ஊருக்குத் திரும்பிப் போகலையா?"

"ஓம்" என்றேன். ஓம், நீங்கள் சொல்வது சரி, போகவில்லை. நாங்கள் அப்படித்தானே சொல்வோம்? "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால் சாப்பிடாதவன் "ஓம்" என்பான்.

"ஆமாங்கிறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஓம், ஓம்."

அவர் அதிகாரியிடம் திரும்பி, தெளிவாக, "யெஸ்" என்றார். இதே கேள்விக்கு ஆங்கிலத்தில் "நோ" என்றிருக்க வேண்டுமாம். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவன் இடையில் ஊருக்குச் சுற்றுலா போய்வந்தான் என்று பதிவாகிவிட்டது. அந்த ஓம் என்பது இல்லை என்பதை விளங்கப்படுத்த ஒரு வழக்கறிஞர், பல கடிதங்கள், இரண்டு குளிர்காலங்கள் தேவைப்பட்டன. ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற நாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றுமுதல் நான் என் மண்டைக்குள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். கேள்வி ஆங்கிலம் என்றால் பதிலுக்கு ஆங்கிலக் கணக்கு. கேள்வி தமிழ் என்றால் தமிழ்க் கணக்கு. இதில் நான் பிழைவிடவே கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். எடுத்த சபதத்தைக் காப்பாற்றியதால்தான் இவ்வளவும் நடந்தது.

5

தனுவோடு ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அவன் ஆங்கிலத்தில் வாதாடினான், நான் தமிழில் வாதாடினேன். நடுவில் வசந்தா பாத்திரங்களால் வாதாடினாள். கடைசியில் அவனே ஒரு உடன்பாடு கொண்டுவந்தான்.

"ஓகே அப்பா. ஃப்ரைடே இங்கிலாந்து மட்ச். என்ர மொடல் சொல்லுறது சரி வந்தா நீங்க இனி ஒண்டும் சொல்லக்கூடாது, நான் வேலைக்குப் போகமாட்டன். பிழை எண்டா மண்டே நான் வேலைக்குப் போறன். நோ ஆர்க்யூமெண்ட்."

"சரி. உன்ர மொடல் என்ன சொல்லுது?"

"சொல்லமாட்டன். சொன்னா நீங்க சிவம் அண்ணைக்குச் சொல்லுவீங்க. விலை மாறீடும்."

சிவம் அண்ணை எங்கள் தெரு முனையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். வெள்ளைக்காரர், அரபிக்காரர், சீனாக்காரர் எல்லாரும் வாங்கி விற்கிற ஓர் உலகச் சந்தையின் விலை, சிவம் அண்ணையின் முருங்கைக்காய்க் கட்டுக்கு அருகில் தீர்மானமாகிறது என்று என் மகன் நம்பினான். பல்கலைக்கழகம் வீண்போகவில்லை.

ஆனால் அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அடுத்த நாள் கடைக்குப் போனபோது சிவம் அண்ணை கல்லாவைத் தாண்டிக் குனிந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை மட்சுக்குப் பெடியன் என்ன சொல்லுறான்?"

"சொல்லமாட்டானாம் அண்ணை."

"சொல்லமாட்டானெண்டா அப்ப பெரிய விஷயந்தான்." யோசித்தார். "எதுக்கும் வாயைத் திறந்தானெண்டா எனக்கொரு சொல்லுச் சொல்லு. கோயில் ஆக்களுக்குத் தெரியவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான்தான் பெடியளுக்குச் சூதாட்டத்தின்ர தீமையைப் பற்றிப் பேசுறன்."

6

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குக் காலை ஷிப்ட், பின்னேரம் வீட்டில் இருந்தேன். வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர்கள் கேட்ட கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு வா என்று தாய் துரத்திவிட்டதால், தனு நகரத்துக்குள் அந்தக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போயிருந்தான். இங்கிலாந்துக்கு எதிராக ஆடவிருந்தது மலை அதிகமும் மனிதர் குறைவுமான ஒரு சின்ன நாடு. அதன் பெயரை எழுதவில்லை. அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. பின்னால் ரயில் இரைந்தது.

"அப்பா! போன் சாகப்போகுது. ஐபாட் மேசையில இருக்கு, பேஜ் ஓப்பன். எவ்வளவு எண்டெல்லாம் போட்டிருக்கு. யார் யார் விளையாடினம் எண்டு பாக்கத்தான் வெயிட் பண்ணினனான். நான் நினைச்சமாதிரித்தான் வந்திருக்கு. நீங்க ஜஸ்ட் பிரஸ்…"

ரயில் எதற்குள்ளோ நுழைந்தது. சத்தம் உடைந்தது.

"எதையடா அமத்த?" என்று கத்தினேன். "இங்கிலாந்து வெல்லாதோ?"

"நோ!"

தொலைபேசி செத்துவிட்டது.

ஐபாடில் கேள்வி இருந்தது. இங்கிலாந்து வெல்லுமா? கீழே பச்சையில் யெஸ், சிவப்பில் நோ.

உங்களில் அவசரக்காரன் எவனும் உடனே சிவப்பை அமத்தியிருப்பான். நான் அனுபவசாலி. யோசித்தேன். நான் கேட்டது எந்த மொழியில்? தமிழில். ஆகவே தமிழ்க் கணக்கு. "வெல்லாதோ?" என்றேன். வெல்லாது என்றால் அவன் "ஓம்" என்றிருப்பான். அவன் மறுத்தான். வெல்லாது என்பதை மறுத்தால் வெல்லும். வெல்லும் என்றால் யெஸ். இரண்டு குளிர்காலம் செலவழித்துப் படித்த பாடம், வீணாகுமா?

பச்சையை அமத்தினேன். திரை எனக்கு நன்றி சொன்னது. என் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு அது அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னத்தையப்பா அமத்தினனீங்கள்?"

"யெஸ் எண்டதை."

"அவன் நோ எண்டு கத்தினது எனக்கு இஞ்ச கேட்டுதே!"

"அது தமிழ் நோ."

"தமிழ் நோவோ?"

"உமக்கு விளங்காது. அடுப்பைப் பாரும்."

7

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் தனு மூச்சு வாங்க வந்தான்.

"அமத்தினீங்களா?"

"ஓம்."

"தாங்ஸ் அப்பா. யூ ஆர் எ லெஜண்ட்."

ஐபாடை அவன் தொடவில்லை. அவனிடம் ஓர் ஒழுக்கம் உண்டு. வாங்கியபிறகு ஆட்டம் முடியும்வரை கணக்கைத் திறக்கமாட்டான். திறந்தால் உணர்ச்சி வந்துவிடுமாம். தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்தான்.

இங்கிலாந்து ஒரு பந்தைக் கோல் கம்பத்துக்கு மேலால் அடித்தது. தனு கையைத் தட்டினான்.

நான் அவனைப் பார்த்தேன். தெரியாமல் தட்டுகிறான் போலும் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சின்ன நாட்டுக்காரன் ஒருவன் பந்தோடு ஓட, என் மகன், இங்கே பிறந்த என் மகன், முழங்காலில் எழுந்து நின்று "கோ ஓன்! கோ ஓன்!" என்று கத்தினான்.

நான் மேசையிலிருந்த ஐபாடைக் கொஞ்சம் அப்பால் தள்ளி வைத்தேன். சோபாவின் மற்ற மூலையிலிருந்து வசந்தா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் "தமிழ் நோ" என்று எழுதியிருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவன் கொர்னர் அடிக்கப் போனான். அதற்குள் என் மண்டை இன்னொரு கணக்கைப் போட்டுவிட்டது. இங்கிலாந்து வெல்லாவிட்டால், சமநிலையில் முடிந்தாலும்கூட, தனு சொன்னது சரி. வேலைக்குப் போகமாட்டான். அதோடு நான் பச்சையை அமத்தியதால் அவனுடைய காசும் போய்விடும், என்னையும் மன்னிக்கமாட்டான். இங்கிலாந்து வென்றால் அவன் சொன்னது பிழை. வேலைக்குப் போவான். காசும் தப்பும். ஆக, என் மகனின் எதிர்காலம், என் மானம், வீட்டு அமைதி மூன்றும் அந்தப் பதினொரு வெள்ளை ஜேர்சிகளின் காலில் கிடந்தன.

பிள்ளைகளே, நான் இந்த நாட்டின் குடியுரிமைச் சோதனை எழுதித் தேறியவன். அரசர்களின் மனைவிமார் எத்தனை பேர் என்பதுவரை கேட்டார்கள். சத்தியப் பிரமாணமும் எடுத்தேன், கையைக் குலுக்கிப் படமும் எடுத்தார்கள். இருந்தும் ஒரு நாளாவது இங்கிலாந்து வெல்லவேண்டும் என்று என் நெஞ்சு துடித்ததில்லை. அன்றுதான் துடித்தது.

"அடியடா! அடியடா அவனுக்கு! இடது பக்கம் ஆள் நிக்கிறான், குருடா!"

தனு திரும்பிப் பார்த்தான். "அப்பா, நீங்க ஏன் இங்கிலாந்துக்குக் கத்துறீங்க?"

"குடியுரிமை தந்த நாடெல்லோ. கத்தத்தானே வேணும்."

"இவ்வளவு நாளும் கத்தேல்ல?"

"இண்டைக்குத்தான் விளங்கினது."

அகதியாக வந்தவன் இங்கிலாந்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான். இங்கேயே பிறந்தவன் அதைத் தோற்கடிக்கச் சொல்லிக் கத்துகிறான். பிள்ளைகள் புதிய நாட்டோடு ஒட்டிவிடுகிறார்கள், பெற்றோர் ஒட்டமுடியாமல் தவிக்கிறார்கள் என்று புலம்பெயர்ந்தோர் மாநாடுகளில் கட்டுரை வாசிப்பவர்கள் எங்கள் வரவேற்பறைக்கு வந்திருக்கலாம். தேத்தண்ணியும் கொடுத்திருப்போம்.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் நேரம் போனது. தனு சிரிக்கத் தொடங்கிவிட்டான். "ஃபினிஷ்ட் அப்பா. மண்டே நான் வேலைக்குப் போகேல்ல." வசந்தா எழுந்து சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கடிதத்தைத் திருப்பி வைத்தாள், அது இதைப் பார்க்கக்கூடாது என்பதுபோல.

நடுவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்துக்கு இன்னொரு கொர்னர். பந்து வந்தது. யாருடைய தலையிலோ பட்டது, யாருடைய முதுகிலோ பட்டது, உள்ளே போனது. அடித்தவனுக்கே தான் அடித்தது தெரியவில்லை.

நான் சோபாவில் ஏறி நின்றேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நடேசு அண்ணையின் காலத்தில் நாங்கள் கோல் அடித்தால் கத்துகிற அதே கத்தல் என்று நினைக்கிறேன். அது அடிக்கடி நடக்காததால் மிச்சம் நிறைய இருந்தது.

இறங்கியபோது தனுவின் முகத்தைக் கண்டேன். பால்குடிப் பிள்ளையின் வாயிலிருந்து போத்தலைப் பறித்தமாதிரி இருந்தது. ஆட்டம் முடியும் விசில் ஊதியது. அவன் மெதுவாக ஐபாடை எடுத்தான். தோல்வியைப் பார்க்கிற முகத்தோடு திறந்தான். பிறகு வேறு முகம் வந்தது.

"அப்பா. வட் டிட் யூ பிரஸ்?"

"யெஸ்."

"நான் நோ எண்டெல்லோ சொன்னனான்!"

"ஓம். நான் 'வெல்லாதோ' எண்டு கேட்டன். நீ நோ எண்டாய். வெல்லாதோ, இல்லை. அப்ப வெல்லும்."

கணிதம் படித்த பிள்ளை வாய்க்குள் அதை முணுமுணுத்தான். ஒரு விரலை மடக்கினான், நீட்டினான். மறுபடி மடக்கினான்.

"வெயிட்… வெல்லாதோ… நோ… ஓ மை கோட்."

வசந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இப்ப நாங்கள் வெண்டமோ, தோத்தமோ? ஆராவது சொல்லுங்கோவன்!"

பிறகு தனு சொன்னான்: "என்ர மொடல் தோத்தது அம்மா. அப்பான்ர தமிழ் வெண்டது."

எவ்வளவு வந்தது என்று எழுதமாட்டேன். எழுதினால் இந்த மலரில் அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் எல்லாரும் வாசிப்பீர்கள். பந்தயக் காசு வீட்டுக்குள் வரக்கூடாது என்று வசந்தா அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது வரவில்லை. அடுத்த வாரம் ஒரு புதிய சலவை இயந்திரம்தான் வந்தது.

8

உடன்பாட்டின்படி தனு வேலைக்குப் போகவேண்டும். ஆனால் காசு வந்துவிட்டதே. அந்தச் சனிக்கிழமை முழுவதும் அவனுடைய நண்பர்கள் தொலைபேசியில் அவனை மேதை என்று கொண்டாடினார்கள். கடைசி நிமிடம்வரை அசையாமல் இருந்தாயே, என்ன நெஞ்சுரம் என்றார்கள். சிவம் அண்ணை என்னை மறித்து, "பெடியன் விளையாட்டுக்காரன்தான். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை பாத்தியோ" என்று முகத்தைத் திருப்பினார். அடுத்த நாள் கோயிலில் சூதாட்டத்தின் தீமையைப் பற்றி அவர் பேசியபோது குரலில் உண்மையான வேதனை தெரிந்தது.

நான் தனுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது மறுமொழி வரும், அதை எந்தக் கணக்கில் எடுப்பது என்ற பயம்.

ஞாயிறு பின்னேரம் அவன் சட்டையைச் சுருக்கம் போக அழுத்திக்கொண்டிருந்தான். அவன் சட்டை அழுத்தி நான் பார்த்ததில்லை. கொலரை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் அழுத்தினான்.

"எல்லாரும் என்னை ஜீனியஸ் எண்டினம் அப்பா," என்றான், நிமிராமல். "ஆர் அமத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"சொல்லன்."

"சொன்னா லக் எண்டுவினம்."

"லக்தானே?"

அழுத்துபெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அதான் யோசிக்கிறன். இது லக் எண்டு எனக்குத் தெரியும், நீங்க அமத்தினபடியா. முந்தி வெண்டதெல்லாம் நான் அமத்தினது. அதனாலதான் அதையெல்லாம் மூளை எண்டு நினைச்சனோ எண்டு."

கொலரை இப்படிப் பிடித்து அழுத்தவேண்டும் என்று காட்டினேன்.

கீர்த்தி, நீ கேட்டது இதுதானே, மட்ச் எப்படி முடியும் என்று முதலே சொல்லப் பழக்கிவிடச் சொல்லி. உன் தனு அண்ணை கணினியும் கணிதமும் வைத்து ஆராய்ந்தார், பிழையாகிவிட்டது. உன் மாமா இலக்கணம் வைத்து ஆராய்ந்தார், அதுவும் பிழையாகிவிட்டது. இரண்டு பிழையும் சேர்ந்து ஒரு சலவை இயந்திரம் ஆகியது. இதில் எதை நான் உங்களுக்குப் பழக்கிவிட? நீங்கள் மைதானத்துக்கு உள்ளே நிற்கிற ஆட்கள். முடிவை வெளியே நிற்கிறவன் கூறட்டும். நீ கொர்னருக்கு ஆளை விடாமல் பிடி. அந்தச் சின்ன நாட்டுக்காரர் கடைசியில் பிடிக்காமல் விட்டது அதைத்தான்.

நீ கேட்ட படத்தையும் அனுப்புகிறேன். கோட் இல்லை. தொப்பியும் கமெராவும் இருக்கிற படம். உன் அம்மாவுக்கு விருப்பம் இராது. பெரிதாகவே போடு.

திங்கட்கிழமை தனு வேலைக்குப் போனான். நான் என் தெருக்களுக்குப் போனேன். அன்று யாருக்கு எத்தனை துண்டு ஒட்டினேன் என்று தெரியாது, மனம் அதில் இல்லை. வீட்டுக்கு வந்து வசந்தாவும் நானும் ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல நின்றோம். அவன் வந்தான். சப்பாத்தைக் கழற்றினான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்கக்கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். கேட்டுவிட்டேன். அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே விதமாகக் கேட்டேன்.

"என்னடா, வேலை பிடிக்கேல்லையோ?"

"நோ," என்றான் தனு.

எனக்குள் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. வசந்தா கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"எந்த நோ? தமிழ் நோவோ, இங்கிலிஷ் நோவோ? ஒழுங்காச் சொல்லு!"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி, உண்மையாகவே யோசித்தான். பச்சையிலும் இல்லாமல் சிவப்பிலும் இல்லாமல் வேறெங்கோ தேடுகிறவன்போல இருந்தது. அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. நடேசு அண்ணையை அவனுக்குத் தெரியாது.

"பாப்பம் அப்பா," என்றான்.